ஏழாம் எண் நாற்காலி

கேள்வி எண் பத்தொன்பதை ராமசுவாமி மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்றாவது முறையும் அது அப்படியேதான் இருந்தது.

'1991-ஆம் ஆண்டில், டெண்டர் கோராமல் ஒரே நபரிடமிருந்து வாங்கப்பட்ட இருபத்துநான்கு தேக்கு நாற்காலிகள் தற்போது எங்கே, எந்த நிலையில் உள்ளன? குழு அவற்றை நேரில் பார்வையிட விரும்புகிறது.'

குழு என்றால் ஏதோ ஊர்க்குழு இல்லை. அரசு நிறுவனங்கள் எதை வாங்கின, யாரிடம் வாங்கின, ஏன் அவரிடம் வாங்கின என்று துருவுவதற்கென்றே தில்லியில் அமைத்த எம்.பி.க்கள் குழு. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹைதராபாத்தில் இறங்குகிறது. முதல் பதினெட்டு கேள்விகளும் பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றியவை. அதற்கெல்லாம் ராமசுவாமி மேஜையில் கோப்பு தயாராக இருந்தது.

"நைன்டீன்தான் இருக்கறதுலயே ஈஸி, ராமசுவாமி சார்," என்றாள் ஜெனரல் மேனேஜர் நித்யஸ்ரீ. ராமசுவாமி வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள் ஹப்சிகுடாவில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "நாற்காலியைக் காட்டிட்டா முடிஞ்சுது."

"காட்டலாம் மேடம்."

"எங்க இருக்கு?"

"ஊர் முழுக்க இருக்கு மேடம்."

நித்யஸ்ரீ பேனாவைக் கீழே வைத்தாள். ராமசுவாமி கதவைச் சாத்திவிட்டு வந்து, முப்பத்துநாலு வருடக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அளவுகருவிகள் செய்யும் அந்த மத்திய அரசு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவுக்கு அப்போது பாலசுப்ரமணியன் மேனேஜர். அவருக்கு முதுகுவலி. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு மேல் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். லாலாகுடா ரயில்வே பட்டறையில் பெட்டி செய்து ஓய்வுபெற்ற ஜோசியா என்ற தச்சர், ஏலத்தில் எடுத்த பழைய ரயில் பெட்டித் தேக்கில் ஒரு நாற்காலி செய்து காட்டினார். பாலசுப்ரமணியன் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். எழுந்ததும் முதல் வேலையாக, இருபத்துநான்கு பேருக்கும் அதே நாற்காலி வேண்டும் என்று குறிப்பு எழுதினார். 'இத்தகைய நாற்காலியை இந்தியாவில் வேறெவரும் செய்வதில்லை' என்று அதில் ஒரு சான்றிதழும் இருந்தது. வேறு யாரும் செய்யாத பொருளுக்கு டெண்டர் தேவையில்லை என்பது விதி. சான்றிதழைத் தட்டச்சு செய்து எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கியது இருபத்தாறு வயது ராமசுவாமி.

'இந்தியா முழுவதும் விசாரித்தீர்களா?' என்று தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள். 'செகந்திராபாத் முழுவதும் விசாரித்தோம்' என்று பதில் போயிற்று. அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமில்லை.

"சரி, வாங்கினது தப்பு. அது பழசு," என்றாள் நித்யஸ்ரீ. "நாற்காலி ஏன் ஊர் முழுக்கப் போச்சு?"

இந்த இடத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறதா என்று ராமசுவாமி ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். 1996-இல் பாலசுப்ரமணியன் ஓய்வு பெற்றார். சால்வை, சுவர்க்கடிகாரம், குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் அவர் தம் நாற்காலியின் கைப்பிடியை ஒரு தரம் தடவிவிட்டுப் படியிறங்கினார். அதைப் பார்த்த ராமசுவாமிக்குத் தாங்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து, 'எண் 1. கால் உடைந்தது. உபயோகத்துக்கு லாயக்கில்லை' என்று எழுதிவிட்டு, நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி அவரோடு போலாரத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் ஓய்வுபெற்றாலும் அவர் நாற்காலியும் கூடவே ஓய்வுபெற்றது. சீட்டெழுதுவது ராமசுவாமி வேலை. கால் உடைந்தது, கை உடைந்தது, கரையான் அரித்தது என்று எழுதி எழுதிக் காரணங்கள் தீர்ந்துபோய், பதினோராம் எண் மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது என்று ஒருமுறை எழுதினார். கொள்முதல் பிரிவு இருப்பது இரண்டாம் மாடியில்.

"கைக்கு சார்? கைக்கு இப்படிப் பண்ணீங்க?" என்றாள் நித்யஸ்ரீ. கோபம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடத்து ஹைதராபாத் பேச்சு வந்துவிடும், 'எதுக்கு' என்பது 'கைக்கு' ஆகிவிடும். "உங்களுக்கு இந்த மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட். குழு பாதகமா ஒரு வரி எழுதினாலும், உங்க ஆர்டர்ல 'விசாரணை நிலுவையில்'னு போட்டுத்தான் நான் கையெழுத்துப் போடணும். தெரியுமில்ல?"

தெரியும். முப்பத்தாறு வருடத்தில் ராமசுவாமி ஒரு மெமோ வாங்கியதில்லை. ஒரு வியாபாரியின் தீபாவளி ஸ்வீட் பாக்கெட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. கடைசி நாளில் அந்த இரண்டு வார்த்தைகளோடு படியிறங்குவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"எல்லார்கிட்டயும் ஒருநாளைக்குக் கடன் வாங்கிண்டு வந்துடறேன் மேடம்."

"வாங்கிட்டு வாங்க. இருபத்துநாலும் வரணும்."

மறுநாளே போலாரம் போனார். பாலசுப்ரமணியனுக்கு எண்பத்தேழு வயது. வாசல் வராந்தாவில் முதலாம் எண் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாடா. இதுலதான் பேப்பர் படிக்கறேன், இதுலதான் தூங்கறேன். இதைக் கொடுத்துட்டு நான் எங்க போறது?"

"ஒரு நாளைக்குத்தான் சார்."

"அப்போ என்னையும் சேர்த்து எடுத்துண்டு போ. எனக்கும் ஆபீஸைப் பார்த்து ரொம்ப நாளாச்சு." பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "புதன்கிழமை கேன்டீன்ல இன்னும் சேமியா உப்புமாதானா?" என்று கேட்டார்.

கேன்டீன் மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது எல்லோரும் போனில் வரவழைத்துச் சாப்பிடுகிறார்கள். ராமசுவாமி, "ஆமாம் சார்," என்று பொய் சொன்னார்.

போன இடமெல்லாம் இதே கதைதான். தார்நாகாவில் தட்டச்சர் திரிபுரசுந்தரி தன் பன்னிரண்டாம் எண்ணில் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "நாற்காலி வரும் ராமு. ஆனா என்கூடத்தான் வரும்," என்றாள். ஸ்டோர் கீப்பர் ஏனோக் லாலாகுடாவில் தம் ஒன்பதாம் எண்ணுக்கு வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வார்னிஷ் அடித்து வைத்திருந்தார். "எங்கிட்ட போயி கெஞ்சுதீங்களே தம்பி. நான் ஸ்டோர்ல இருந்தவன். சீட்டு எழுதிக் குடுங்க, சாமான் தாரேன்," என்று சிரித்தார். உண்மையிலேயே சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே போன இருபத்திரண்டில் ஆறு நாற்காலிகளுக்கு உரியவர்கள் இப்போது இல்லை. அந்த வீடுகளில் ராமசுவாமி கேட்கத் தயங்கினார். ஆனால் அங்கேதான் மறுபேச்சே இல்லாமல் துடைத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "அவர் இருந்தா தானே தூக்கிண்டு வந்திருப்பார்," என்றாள் அந்த அம்மாள்.

வெளியிலிருந்து வரப்போவது இருபத்திரண்டு. ராமசுவாமி உட்காரும் இருபத்துநான்காம் எண் ஒன்று. ஆக இருபத்துமூன்று. ஏழாம் எண்ணைக் காணோம்.

பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு உடைந்த சீட்டும் இல்லை, கரையான் சீட்டும் இல்லை. எப்போதோ ஜி.எம். அறைக்கு எடுத்துப் போனதாக ஒரு வரி இருந்தது. நித்யஸ்ரீ அறையில் இருப்பதோ சக்கரம் வைத்த நாற்காலிகள். அவளுக்கு முன்னால் இருந்த ஜி.எம்.கள் நாலு பேரில் இருவர் வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், இருவர் போனை எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல், ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராமசுவாமி எழுதினார்: 'ஏழாம் எண் யாரிடமாவது இருக்கிறதா? அது ஒன்று இல்லாவிட்டால் என் கதை முடிந்தது. தயவுசெய்து சொல்லுங்கள்.'

காலை வணக்கமும் பூப்படமும் நாள் தவறாமல் வரும் அந்தக் குழுவில் இதற்கு மட்டும் ஒருவரும் பதில் போடவில்லை. ராமசுவாமிக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதானா என்று மனைவி கல்பகத்திடம் புலம்பினார். கல்பகம் தட்டில் அப்படியே இருந்த சாதத்தைப் பார்த்தாள்.

நேர்மை என்று ஒன்றைக் கட்டிக்காத்த மனிதர் அதை மீறத் துணிந்தால் அரைகுறையாகத் துணிய மாட்டார். ராமசுவாமி நேராக லாலாகுடாவில் ஜோசியாவின் பட்டறைக்குப் போனார். ஜோசியா காலமாகிவிட்டார். இப்போது அவர் மகள் மரியா நாலு ஆட்களை வைத்துக்கொண்டு மாடுலர் கிச்சன் செய்கிறாள்.

"மரியா, உங்கப்பா செஞ்ச மாதிரியே ஒரு நாற்காலி வேணும்மா. அடியில ஏழுன்னு வெள்ளைப் பெயின்ட்ல எழுதிடு. புதுசு மாதிரி தெரியக் கூடாது."

"எவ்ளோ பழசாத் தெரியணும் அங்கிள்?"

"முப்பத்துநாலு வருஷம் ஒருத்தர் உட்கார்ந்து எழுந்த மாதிரி."

மரியா அவரை ஒரு விதமாகப் பார்த்தாள். "ஹவ், சரி அங்கிள், பண்ணிடலாம். அப்பா எடுத்துவெச்ச ரயில் தேக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. இதுல இப்ப எனக்கு நல்லாக் கை பழகிடுச்சு."

"யாருக்கும் தெரியக் கூடாது."

"நக்கோ அங்கிள், அந்தப் பயமே வேணாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒரு கோப்பில் கையெழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலே சந்தேகப்படுகிற ராமசுவாமிக்கு, கை எப்படிப் பழகியது என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் கவலை அவருக்கு.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே நிறுவனத்தின் வாசலில் ட்ராலி ஆட்டோக்கள் வரிசை கட்டின. பதினாறு பேர் தத்தம் நாற்காலிகளோடு வந்து இறங்கினார்கள். காவலாளி எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல் எல்லோரையும் 'விருந்தினர்' என்றும், நாற்காலிகளை 'விருந்தினர் உடைமை' என்றும் எழுதிக்கொண்டான். ராமசுவாமி தம்முடைய புது ஏழாம் எண்ணை முந்தின நாளே போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஏனோக் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, கவலைய விடுங்க. பாத்தீங்களா?" ஆட்டோவில் இன்னொரு நாற்காலி, ஜமக்காளத்தில் சுற்றியபடி இருந்தது. ஏனோக் அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக 7.

ராமசுவாமி வாயைத் திறப்பதற்குள் திரிபுரசுந்தரி அவர் முழங்கையைத் தொட்டாள். "ராமு, இங்க வா, யாருக்கும் தெரியாம வா." அவள் பேரன் ஒரு நாற்காலியோடு நின்றான். அதிலும் 7.

பாலசுப்ரமணியனுக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் வாசலிலிருந்தே சத்தம் போட்டார். "ராமசுவாமி! ரகசியமா ஒரு ஏழு கொண்டு வந்திருக்கேன்!"

அப்போது ஒரு கால் டாக்ஸி வந்து நின்றது. கல்பகம் இறங்கினாள். டிக்கி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நாலு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நீயுமா?" என்றார் ராமசுவாமி.

"ஏன்னா, பத்து நாளா ஒழுங்காச் சாப்பிடாம இருந்தேள். நான் வேற என்ன பண்றது?"

ஐந்து ஏழுகளும் வரிசையாக நின்றன. ராமசுவாமி மரியாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"அஞ்சு பேரும் ரகசியம்னு சொன்னீங்களே அங்கிள். ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட எப்படிச் சொல்றது?"

நித்யஸ்ரீ படியிறங்கி வந்தாள். ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தெட்டு," என்றாள். "குறைஞ்சாக்கூட உடைஞ்சுதுன்னு சொல்லலாம் சார். கூடினா என்ன சொல்றது? நாற்காலி குட்டி போட்டுதுன்னா? டெண்டரே இல்லாம இன்னும் நாலு வாங்கியிருக்கோம்னு எழுதிடுவாங்க. மறைங்க, சீக்கிரம்!"

மறைப்பதற்கு இடம் பார்த்தார்கள். பதிவேட்டு அறையையும் குழு பார்வையிடப் போகிறது. மாடிப்படி அடியில் ஒன்றுதான் நுழைந்தது. அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் ஏனோக்கின் சட்டைப் பையைக் கிழித்தது. கடைசியில் திரிபுரசுந்தரிதான் யோசனை சொன்னாள். ஆள் உட்கார்ந்திருந்தால் எந்த எம்.பி. அடியில் குனிந்து பார்க்கப் போகிறார்? எல்லாவற்றையும் இரண்டாம் மாடிக்கே கொண்டுபோய் ஆளுக்கொன்றில் உட்கார்ந்துவிடலாம்.

கொண்டுபோனார்கள். யாரும் சொல்லாமலே அவரவர் நாற்காலியை அவரவர் பழைய இடத்தில் போட்டுக்கொண்டார்கள். திரிபுரசுந்தரி ஜன்னலோரம். ஏனோக் வாசல் பக்கம், உள்ளே வருகிறவன் சீட்டு வைத்திருக்கிறானா என்று பார்க்கிற மாதிரி. பாலசுப்ரமணியன் நடுவில், எல்லோரையும் பார்த்தபடி. ஐந்து ஏழுகளிலும் திரிபுரசுந்தரியின் பேரனையும் நாலு ஆட்டோக்காரர்களையும் உட்காரவைத்தார்கள்.

"திரிபுரா, அந்த லெட்டர் முடிஞ்சுதா?" என்றார் பாலசுப்ரமணியன்.

"ரிப்பன் போயிடுத்து சார். ஏனோக் தரமாட்டேங்கறார்."

"இன்டென்ட் சீட்டு இல்லாம எப்படிம்மா தருவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராமசுவாமியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தன. யாரும் அவற்றில் உட்காரவில்லை. கல்பகம் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே வந்தாள். அந்த ஆறு நாற்காலிகளின் கைப்பிடியிலும் ஆளுக்கொரு காகிதக் கப் வைத்துவிட்டுப் போனாள்.

ராமசுவாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த அறையில்தான் அவர் இளைஞனாக நுழைந்தார். முதல் சம்பளத்தன்று இங்கே எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மூத்த மகன் பிறந்த செய்தி இந்த வாசலுக்குத்தான் வந்தது. இத்தனை பேருக்கும் கால் உடைந்தது, கை உடைந்தது என்று பொய்ச்சீட்டு எழுதியவர் அவர். இன்று இவர்களை வைத்தே இன்னொரு பொய்யைச் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தோன்றியதும் பத்து நாளில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது.

பத்து மணிக்குக் குழுவின் உதவியாளர் இளங்கோவன் வந்தார். உறுப்பினர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, பட்டியலில் உள்ள சாமான்களைச் சரிபார்த்து டிக் அடித்து வைப்பது அவர் வேலை. தஞ்சாவூர்க்காரர். இருபது வருடமாகத் தில்லியில் இருக்கிறார். அறைக்குள் இத்தனை பெரியவர்களைப் பார்த்ததும் கும்பிட்டார்.

திட்டம் அங்கேயே கவிழ்ந்தது. பெரிய இடத்து அதிகாரி உள்ளே வந்தால் எழுந்து நிற்பது அவர்களுக்கு முப்பது வருடப் பழக்கம். பாலசுப்ரமணியன் உட்பட அத்தனை பேரும் சேர்ந்தாற்போல எழுந்து நின்றார்கள்.

"பரவால்ல, பரவால்ல," என்று சொல்லிக்கொண்டே இளங்கோவன் பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்தார். ஏழு என்று டிக் அடித்தார். அடுத்ததைக் கவிழ்த்தார். ஏழு. பேனா நின்றது. மூன்றாவதைக் கவிழ்த்தார்.

நித்யஸ்ரீ சுவரைப் பார்த்து நின்றாள்.

"சார், மேல பார்க்க வேண்டாம்," என்றார் ராமசுவாமி. "அஞ்சு ஏழு இருக்கு. தப்பு முழுக்க என்னோடது. நான் வந்த நாள்லேர்ந்து இவாதான் எனக்கு வேலை கத்துக்கொடுத்தா. ஒவ்வொருத்தரா வெளியே போறப்போ வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை. அதனால நல்ல நாற்காலியை உடைஞ்சுதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். எல்லாம் என் கையெழுத்து. ஏழாம் நம்பர் மட்டும் எங்க போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அது இல்லேன்னா என் பேர் கெட்டுடுமேன்னு இவா மூணு பேரும், நானும் என் ஆத்துக்காரியும் ஆளுக்கொண்ணு செஞ்சு எடுத்துண்டு வந்துட்டோம். குழு சேர்மன் வந்ததும் நானே சொல்லிடறேன். 'விசாரணை நிலுவையில்'னு எழுதறதுன்னா எழுதிக்கட்டும். இவா யாரையும் ஒண்ணும் கேக்காதீங்கோ."

பாலசுப்ரமணியன் மெதுவாக நடந்து வந்து ராமசுவாமியின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

இளங்கோவன் மூன்றாவது நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கைப்பிடியைத் தடவினார். வேலைப்பாட்டை ரசிக்கிற மாதிரி முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு பட்டியலில் பத்தொன்பதாம் கேள்வியின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் நித்யஸ்ரீ.

"சேர்மன் ஐயாகிட்ட நீங்க எதுவும் சொல்லிக்க வேணாம் சார், நானே பேசிக்கிறேன்," என்றார் இளங்கோவன் தணிந்த குரலில். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி அவரு இங்க வந்தப்ப ஜி.எம். ரூம்ல இருந்த நாற்காலி முதுகுக்கு இதமா இருக்குன்னாரு, உங்க அப்போதைய ஜி.எம். உடனே ரயில்ல ஏத்தி அனுப்பிட்டாரு. இந்தப் பத்தொன்பதாம் கேள்வியை அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினப்பகூட, அந்த ஏழாம் நம்பர்லதான் சாஞ்சு உட்கார்ந்திருந்தாரு."